பெயின்ட்பால் டேங்க் ரெகுலேட்டரில் காற்று கசிகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெயின்ட்பால் மார்க்கருக்கு, அதாவது வண்ணக் குண்டு சுடும் துப்பாக்கிக்கு, காற்று தரும் டேங்கின் தலையில் உட்கார்ந்து அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர் ஒரு கைப்பிடி அளவுதான். ஆனால் அதில் காற்று வெளியேற ஏழெட்டு இடங்கள் உண்டு. எந்த இடத்தில் கசிகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் எந்தப் பாகம் கெட்டது என்பது தானாகத் தெரிந்துவிடும். இடத்தைப் பார்க்காமல் ஸ்பேனரைக் கையில் எடுப்பவர்கள்தான் நல்ல பாகங்களையும் கழற்றிக் கெடுக்கிறார்கள். அதனால் இந்தப் பக்கம் முழுவதும் 'எங்கே கசிகிறது?' என்ற கேள்வியைச் சுற்றியே போகும்.

கசிவது டேங்க் ரெகுலேட்டரா, மார்க்கரா? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

டேங்கைக் கழற்றித் தனியாக மேசைமேல் வையுங்கள். சத்தம் நின்றுவிட்டால் ரெகுலேட்டரின் மேல் சந்தேகம் பெருமளவு குறைகிறது. மார்க்கரின் குழல் வழியாகக் காற்று வந்தால் அது குண்டைத் தள்ளும் போல்ட்டின் ஓ-ரிங் (காற்றை அடைக்கும் வளையம்) அல்லது மார்க்கரின் உள் வால்வு. பிடிக்குள்ளிருந்து வந்தால் சொலினாய்டு என்கிற மின் வால்வு அல்லது குழாய் இணைப்பு. டேங்கும் மார்க்கரும் சேரும் இடத்தில் வந்தால் கிட்டத்தட்ட எப்போதுமே டேங்கின் நுனியில் வெளியே தெரியும் ஒற்றை ஓ-ரிங்தான். கழற்றி வைத்த பிறகும் டேங்க் சீறிக்கொண்டே இருந்தால் கோளாறு ரெகுலேட்டரில்.

ரெகுலேட்டருக்குள் என்ன நடக்கிறது? இது தெரிந்தே ஆக வேண்டுமா?

தெரிந்தால் மற்ற எல்லா பதில்களும் எளிதாகப் புரியும். டேங்கில் 3000 அல்லது 4500 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) அழுத்தம் இருக்கிறது. மார்க்கருக்கு அவ்வளவு வேண்டாம். சாதாரண ரெகுலேட்டர் அதைச் சுமார் 800 முதல் 850 பிஎஸ்ஐ வரை இறக்கித் தருகிறது. குறைந்த அழுத்த வகை 450 பக்கம்.

உள்ளே ஒரு பிஸ்டன். காளான் போலத் தலை பெரிது, தண்டு சிறிது, தண்டின் நடுவே துளை. தலைக்குக் கீழே கனமான ஸ்பிரிங் பிஸ்டனை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். பிஸ்டன் மேலே இருக்கும்போது தண்டின் அடியில் வழி திறந்து, டேங்கின் காற்று தண்டுத் துளை வழியாக ஏறித் தலைக்கு மேல் சேர்கிறது. சேரச் சேர அந்தக் காற்று தலையைக் கீழே அழுத்துகிறது. ஸ்பிரிங்கின் பலத்தை அது மிஞ்சும் நொடியில் பிஸ்டன் இறங்கி, தண்டின் அடி சீட் என்கிற அடைப்பு முகத்தில் பதிந்து வழியை மூடுகிறது. நீங்கள் ஒரு முறை சுட்டதும் மேலே அழுத்தம் குறைகிறது, பிஸ்டன் எழுகிறது, வழி திறக்கிறது. ஒவ்வொரு குண்டுக்கும் இது நடக்கிறது.

ஆக, ரெகுலேட்டரில் இரண்டு பக்கம் உண்டு. டேங்கோடு நேரடியாகச் சேர்ந்தது உயர் அழுத்தப் பக்கம்: காற்று நிரப்பும் நிப்பிள், அழுத்தம் காட்டும் கேஜ், உயர் அழுத்த பர்ஸ்ட் டிஸ்க் (அழுத்தம் மீறினால் கிழிந்து காற்றை விடும் பாதுகாப்புத் தகடு), டேங்கின் கழுத்து. பிஸ்டனுக்கு அப்பால் இருப்பது தாழ் அழுத்தப் பக்கம்: பானட் என்கிற மேல்மூடி, அதன் நடுவில், மார்க்கரில் திருகும்போது அழுந்தித் திறக்கும் ஊசி, இன்னொரு பர்ஸ்ட் டிஸ்க். இந்த இரண்டு பக்கத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கசியும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

சோப்புத் தண்ணீரை விட நல்ல கருவி இதற்கு இல்லை. பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு, கொஞ்சம் தண்ணீர், ஒரு சிறு தூரிகை. நுரை பொங்கும்படி கலக்காமல் மெதுவாகக் கலக்குங்கள். முதலிலேயே நுரை இருந்தால் கசிவின் குமிழி எது என்று தெரியாது. கண்ணாடி அணிந்துகொண்டு ஒவ்வொரு இடமாகத் தடவிவிட்டு ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். நிப்பிளின் வாய், நிப்பிள் உடலோடு சேரும் விளிம்பு, கேஜின் அடி, கேஜின் முகம், இரண்டு டிஸ்க்கின் துளைகள், பானட்டின் பக்கத் துளை, நடு ஊசி, கடைசியாகக் கழுத்து.

பெரிய கசிவு நுரையை ஊதித் தள்ளிவிடும், குமிழி நிற்காது. சிறிய கசிவுதான் அழகாகத் தெரியும்: ஒரே புள்ளியிலிருந்து வெள்ளை நுரை கடுகளவில் தொடங்கி, துடைத்தாலும் அதே இடத்தில் மறுபடி முளைக்கும். அப்படி இரண்டு முறை முளைத்தால் அதுதான் இடம்.

விரலை வைத்துத் தடவித் தேட வேண்டாம். இந்த அழுத்தத்தில் ஊசி போல வரும் காற்று தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடும். முழு டேங்கையும் வாளித் தண்ணீரில் முக்குபவர்களும் இருக்கிறார்கள். கசிவு தெரியும் என்பது உண்மைதான், ஆனால் பானட்டின் துளை வழியாக ஸ்பிரிங் இருக்கும் அறைக்குள் தண்ணீர் போய்விடும். எனக்கு அதில் விருப்பமில்லை.

நேற்று 3000 காட்டியது, இன்று காலையில் 2750. கசிவுதானே?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். காற்றை வேகமாக நிரப்பும்போது டேங்க் சூடாகும். சூட்டில் காட்டும் அழுத்தம் ஆறியதும் இறங்கும். நிரப்பிய நேரத்தில் உள்ளே 50 டிகிரி செல்சியஸ் இருந்து, பிறகு 25-க்கு ஆறினால், 3000 என்பது 2770 பக்கம் வந்து நிற்கும். 4500 என்பது 4150 பக்கம். ஒரு துளி காற்றுகூட வெளியே போகாமல் இவ்வளவு இறங்கும்.

ஆறிய பிறகு, அதாவது நிரப்பி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, கேஜைப் பார்த்து ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 24 மணி நேரம் கழித்து அதே அறையில், அதே வெப்பத்தில் மறுபடி பாருங்கள். இரண்டாவது முறையும் குறைந்திருந்தால்தான் கசிவு.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. 48 கன அங்குல டேங்கில் 12 மணி நேரத்தில் 100 பிஎஸ்ஐ குறைந்தால் வெளியே போனது சுமார் 5 லிட்டர் காற்று. அதை நொடிக் கணக்கில் பிரித்தால், நொடிக்குப் பட்டாணி அளவுக் குமிழி ஒன்று. அதைக் காதால் கேட்க முடியாது. சத்தமே இல்லை, கசிவு இருக்க வாய்ப்பில்லை என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

மார்க்கரில் திருகியதும் இணையும் இடத்தில் பலமாகச் சீறுகிறது. ரெகுலேட்டர் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. 'ரெகுலேட்டர் லீக்' என்று சொல்லிக் கொண்டுவரப்படும் டேங்குகளில் நான் பார்த்தவரை பாதிக்கு மேல் இதுதான்: பானட்டின் நுனியில் வெளியே தெரியும் ஓ-ரிங். அளவு 015. மார்க்கரில் டேங்க் திருகப்படும் பொருத்துவாயை ஏ.எஸ்.ஏ. என்பார்கள், அதற்குள் போய் அடைப்பது இந்த வளையம்தான்.

கறுப்பு நைட்ரைல் ரப்பரை விட, 90 கடினத்தன்மை கொண்ட பாலியூரித்தேன் வளையம் பல மடங்கு தாங்கும். தேன் நிறத்திலோ கண்ணாடி போலவோ இருக்கும். பத்து வாங்கி ஆட்டப் பையிலேயே போட்டுவையுங்கள். பழையதை எடுக்க உலோக ஊசி வேண்டாம். வளையம் உட்காரும் பள்ளத்தில் ஒரு கீறல் விழுந்தால் புது வளையமும் கசியும். மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன குச்சி போதும். இந்த வேலைக்கு டேங்கைக் காலி செய்யத் தேவையில்லை. டேங்க் மார்க்கரிலிருந்து முழுவதும் கழன்று, ஊசி மூடிய நிலையில் இருந்தால் சரி.

புது ஓ-ரிங் போடுகிறேன், இரண்டே ஆட்டத்தில் கிழிகிறது. ஏன்?

கழற்றும் முறையைப் பாருங்கள். டேங்கை இரண்டு சுற்று திருகிக் கழற்றும்போது ஊசி மூடிக்கொள்ளும், ஆனால் மார்க்கருக்குள் இன்னும் 800 பிஎஸ்ஐ நிற்கிறது. அந்த நிலையில் மேலும் திருகினால் வளையம் தன் பள்ளத்திலிருந்து பிதுங்கி மரையின் விளிம்பில் உரசிக் கிழிகிறது. கிழிந்த வளையத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: ஒரு பக்கத்தில் பிறை வடிவத்தில் கடித்து எடுத்தது போலக் குறைந்திருக்கும். அந்தப் பிறை தெரிந்தால் காரணம் அழுத்தத்தோடு கழற்றியதுதான்.

ஊசி மூடியதும் நிறுத்துங்கள். மார்க்கரைப் பாதுகாப்பான திசையில் திருப்பி, குண்டு இல்லாமல் இரண்டு மூன்று முறை சுட்டு உள்ளிருக்கும் காற்றை விட்டுவிட்டு, அப்புறம் கழற்றுங்கள். ஆன்-ஆஃப் குமிழ் வைத்த ஏ.எஸ்.ஏ. இருந்தால் அதை மூடினாலே போதும்.

அப்படிச் செய்தும் கிழிந்தால் ஏ.எஸ்.ஏ.-வின் உள்முகத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் பிசிறோ மணலோ இருக்கும்.

பானட்டின் பக்கத்தில் உள்ள சின்னத் துளையிலிருந்து காற்று வருகிறது. அதை அடைத்துவிடலாமா?

கூடாது. அது வேண்டுமென்றே போட்ட துளை. ஸ்பிரிங் இருக்கும் அறை வெளிக்காற்றோடு சேர்ந்திருக்க வேண்டும் என்பதற்காக விட்ட மூச்சுத் துளை. நல்ல ரெகுலேட்டரில் அதிலிருந்து எதுவும் வரக்கூடாது. வந்தால் பிஸ்டனில் உள்ள இரண்டு ஓ-ரிங்கில் ஒன்று போய்விட்டது: தலையைச் சுற்றியுள்ள பெரியது, அல்லது தண்டைச் சுற்றியுள்ள சிறியது. இரண்டில் எது கசிந்தாலும் காற்று ஸ்பிரிங் அறைக்குள் வந்து அந்தத் துளை வழியாகத்தான் வெளியேறும். அந்தத் துளையை அடைத்தால் ஸ்பிரிங் அறையில் காற்று சேர்ந்து பிஸ்டனைக் கீழிருந்து தூக்கும். வழி மூடாது, வெளிவரும் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். கோளாறைக் காட்டிக்கொடுக்கும் இடத்தை அடைத்து ஆபத்தை உள்ளே தள்ளியதாக ஆகிவிடும்.

பிஸ்டன் ஓ-ரிங்கை நானே மாற்றலாமா?

பொறுமையும் சரியான கருவியும் இருந்தால் மாற்றலாம், ஆனால் டேங்க் முழுவதும் காலியான பிறகுதான். ரெகுலேட்டருக்கும் டேங்குக்கும் நடுவே மூடிவைக்க வேறு வால்வு கிடையாது. பானட்டைக் கழற்றினால் டேங்கின் முழு அழுத்தமும் உங்கள் முகத்துக்கு நேராக நிற்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ரெகுலேட்டர் மாடலுக்கான பழுதுபார்க்கும் செட் வாங்குங்கள். ஓ-ரிங் அளவு மாடலுக்கு மாடல் வேறுபடும்; கண்ணளவில் ஒத்துப்போகும் வளையம் 800 பிஎஸ்ஐ வந்ததும் பிதுங்கிவிடும். பானட்டைக் கழற்ற அதற்குரிய பிடிகருவி தேவை. பைப் ரெஞ்ச் போட்டு அலுமினியத்தைக் கடித்துவைக்காதீர்கள். எதிர்த் திருப்பு கொடுக்கும்போது பிடிக்க வேண்டியது ரெகுலேட்டரின் உடலை, டேங்கை அல்ல. டேங்கைப் பிடித்துக்கொண்டு பானட்டைத் திருகினால் சில சமயம் பானட்டுக்குப் பதிலாக ரெகுலேட்டரே டேங்கிலிருந்து கழலத் தொடங்கும்.

உள்ளே பார்த்ததும் ஸ்பிரிங்கும் அதன் வட்டத் தகடுகளும் எந்த வரிசையில் இருக்கின்றன என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தகடுகளின் எண்ணிக்கைதான் வெளிவரும் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. ஒன்று குறைந்தாலும் கூடினாலும் மார்க்கருக்குப் போகும் அழுத்தம் மாறிவிடும்.

பழைய வளையத்தை எடுத்ததும் பள்ளத்தையும், பிஸ்டன் உரசும் உள்சுவரையும் பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். பஞ்சின் இழை எங்காவது சிக்கினால் அங்கே கீறல் இருக்கிறது. என் அனுபவம் ஒன்று: ஒரே ரெகுலேட்டரில் மூன்று முறை வளையம் மாற்றியும் மூச்சுத் துளைக் கசிவு நிற்கவில்லை. நான்காவது முறைதான் பானட்டின் உள்சுவரில் முடியளவுக்கு ஒரு நெடுங்கீறல் கண்ணில் பட்டது. பானட்டை மாற்றியதும் சரியாகிவிட்டது. முதல் முறையே பஞ்சால் தடவியிருந்தால் மூன்று செட் வளையம் மிச்சமாகியிருக்கும்.

டேங்கை முழுவதும் காலி செய்வது எப்படி? கேஜ் 0 காட்டினால் போதாதா?

போதாது. கேஜின் முள் அடிபட்டு 0-வில் மாட்டிக்கொண்டிருக்கலாம். சிறிய கேஜ்களில் கடைசிச் சில நூறு பிஎஸ்ஐ தெளிவாகத் தெரியவும் தெரியாது.

எளிய வழி, மார்க்கரில் மாட்டிக் குண்டு இல்லாமல் சுட்டுத் தீர்ப்பது. கண்ணாடி அணிந்திருங்கள், குழல் பாதுகாப்பான திசையில் இருக்கட்டும். மார்க்கர் சுடுவதை நிறுத்திய பிறகும் டேங்கில் கொஞ்சம் அழுத்தம் மீதி இருக்கும். ஆன்-ஆஃப் ஏ.எஸ்.ஏ. இருந்தால் திறந்து மூடித் திறந்து மூடி அதையும் வெளியேற்றலாம். காலி செய்வதற்கென்றே மெதுவாக ஊசியை அழுத்தித் திறக்கும் திருகுமூடி கிடைக்கிறது. டேங்கை அடிக்கடி பழுதுபார்ப்பவர் என்றால் அதை வாங்கிவிடுங்கள்.

கடைசியில், டேங்கைக் கழற்றி, முகத்தை விலக்கிக்கொண்டு, மழுங்கிய முனையால் ஊசியை அழுத்திப் பாருங்கள். சிறு மூச்சுகூட வராமல் ஊசி தளர்வாக இறங்கினால் காலி. அதற்குப் பிறகும் பானட்டைத் திருகும்போது எங்காவது சீறல் கேட்டால் அப்படியே நிறுத்துங்கள்.

பர்ஸ்ட் டிஸ்க் என்பது என்ன? டமால் என்று வெடித்து எல்லாக் காற்றும் போய்விட்டது.

அது தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. சிறு திருகுக்குள் மெல்லிய உலோகத் தகடு ஒன்று இருக்கும். குறிப்பிட்ட அழுத்தத்தைத் தாண்டினால் கிழிந்து காற்றை விட்டுவிடும். உயர் அழுத்தப் பக்கத்தில், 3000 பிஎஸ்ஐ டேங்குக்கு 5000 அளவும் 4500 டேங்குக்கு 7500 அளவும் வழக்கம். தாழ் அழுத்தப் பக்கத்தில் 1800. துளைகள் பக்கவாட்டில் இருப்பது காற்று எல்லாத் திசையிலும் பிரிந்து போகத்தான். ஒரே பக்கம் போனால் டேங்க் ராக்கெட் போலப் பறக்கும்.

எது வெடித்தது என்பது முக்கியம். உயர் அழுத்த டிஸ்க் என்றால் அளவுக்கு மீறி நிரப்பியிருக்கிறார்கள், அல்லது வெயிலில் மூடிய காருக்குள் டேங்க் கிடந்திருக்கிறது, அல்லது டிஸ்க் பழையதாகிச் சோர்ந்திருக்கிறது. தாழ் அழுத்த டிஸ்க் என்றால் கதை வேறு. 800-ல் நிற்க வேண்டிய அழுத்தம் 1800 வரை ஏறியிருக்கிறது. பிஸ்டனின் சீட் முழுவதும் மூடவில்லை, காற்று மெல்ல மெல்ல ஊர்ந்து மேலே சேர்கிறது. இதைத்தான் க்ரீப் என்கிறார்கள். டேங்க் சும்மா மூலையில் கிடந்தபோதே இந்த டிஸ்க் வெடித்தது என்றால் சீட்டைத் தவிர வேறு காரணம் தேட வேண்டாம். டிஸ்க்கை மட்டும் மாற்றினால் அடுத்த வாரம் அதுவும் வெடிக்கும். சீட்டில் மணல், உலோகத் தூள் ஒட்டியிருக்கிறதா, அதன் முகத்தில் ஆழமாக வளையத் தடம் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். தடம் ஆழமாக இருந்தால் சீட்டை மாற்றியே ஆக வேண்டும்.

வெடிக்காமல், டிஸ்க்கின் துளையிலிருந்து மெல்லக் கசிந்தால்? தகட்டில் நுண்ணிய விரிசல், அல்லது திருகு தளர்வு. காலி செய்து, அதே அளவுள்ள புது டிஸ்க்கை முழுத் திருகோடு போடுங்கள். பழைய தகட்டை மறுபடி பயன்படுத்த முடியாது.

அவசரத்துக்கு டிஸ்க் இருந்த இடத்தில் ஒரு போல்ட்டைத் திருகி ஆடலாமா? அல்லது அதிக அளவு டிஸ்க்?

வேண்டாம். இரண்டுமே டேங்கைக் குண்டாக மாற்றும் வேலை. இதில் எந்தச் சமரசமும் கிடையாது.

நிரப்பி முடித்துக் குழாயைக் கழற்றியதும் நிப்பிளின் வாயிலிருந்து கசிகிறது.

நிப்பிளுக்குள் ஒருவழி அடைப்பான் இருக்கிறது. காற்று உள்ளே போகும், வெளியே வராது. நிரப்பும்போது நிப்பிளின் வாயிலிருந்த தூசி அந்த அடைப்பானில் போய் உட்கார்ந்துகொண்டால் அது முழுவதும் மூடாது. பல நேரம் குழாயை மறுபடி மாட்டி, கொஞ்சம் காற்றை ஏற்றி விட்டாலே தூசி நகர்ந்து அடைத்துவிடும். இரண்டு மூன்று முறை செய்தும் நிற்கவில்லை என்றால் நிப்பிளையே மாற்றுங்கள். விலை குறைந்த பாகம், உள்ளே பழுதுபார்ப்பது வீண் வேலை.

நிரப்பும் முன் நிப்பிளைச் சுத்தமான துணியால் ஒருமுறை துடைக்கும் பழக்கம் இருந்தால் இந்தக் கேள்வியே பாதி குறையும். அதைவிடப் பெரிய நன்மை, சீட்டுக்குத் தூசி போகாது. முந்தைய பதிலில் சொன்ன க்ரீப்பின் மூலமும் பல நேரம் இந்த நிப்பிள் வழியாக உள்ளே போன மண்தான். ரப்பர் மூடி ஒன்று போட்டுவையுங்கள்.

கேஜில் கசிவு?

மரையில் கசிந்தால் காலி செய்து, கழற்றி, மறுபடி அடைத்துப் போடலாம். கூம்பு மரை என்றால் டெஃப்லான் டேப் அல்லது மரைப் பசை. டேப் சுற்றும்போது முதல் மரையை வெறுமையாக விடுங்கள், இல்லாவிட்டால் பிய்ந்த துணுக்கு உள்ளே போய்ச் சீட்டில் சிக்கும். ஓ-ரிங் வைத்து அடைக்கும் நேர் மரையும் உண்டு, அதற்கு டேப் சுற்றக்கூடாது. கழற்றிய பாகத்தில் முன்பு என்ன இருந்தது என்று பார்த்து அதையே பின்பற்றுங்கள். கேஜின் முகத்திலிருந்தோ கண்ணாடியின் விளிம்பிலிருந்தோ காற்று வந்தால் உள்குழல் விரிந்துவிட்டது; அது குப்பைக்குத்தான்.

டேங்க் தனியாக இருக்கும்போது நடு ஊசியிலிருந்து காற்று வருகிறது.

ஊசியின் கீழே உள்ள சிறு அடைப்பில் தூசி, அல்லது ஊசி வளைந்திருக்கிறது. மார்க்கரில் ஒருமுறை திருகி மாட்டிக் கழற்றிப் பாருங்கள், ஊசி சரியாக உட்காரும். உட்காரவில்லை என்றால் காலி செய்து ஊசியையும் அதன் அடைப்பையும் சேர்த்து மாற்ற வேண்டும். டேங்கைக் கீழே போட்ட பிறகு தொடங்கிய கசிவு என்றால் வளைந்த ஊசிதான்.

ரெகுலேட்டரும் டேங்கும் சேரும் கழுத்தில் குமிழி வருகிறது. கொஞ்சம் இறுக்கினால் போதுமா?

இறுக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் நான் மிகவும் கவலைப்பட்டு எழுதும் பதில் இது.

கழுத்தின் மரை 5/8 அங்குலம், ஏறக்குறைய 16 மில்லிமீட்டர். அந்தச் சிறு வட்டத்தின் மேல் 3000 பிஎஸ்ஐ அழுத்தம் தரும் தள்ளுவிசை 400 கிலோவுக்கு மேல். 4500-ல் 600 கிலோவைத் தாண்டும். அந்த விசையைத் தடுத்து வைத்திருப்பது சில சுற்று மரை மட்டுமே. மரை தேய்ந்தோ தளர்ந்தோ இருந்தால் டேங்க் ஒரு பக்கம், ரெகுலேட்டர் ஒரு பக்கம் பறக்கும். கார்பன் டை ஆக்சைடு டேங்குகளில் கவனிக்காமல் தளர்ந்த வால்வு கழன்று உயிர் போன விபத்துகள் நடந்திருக்கின்றன.

கழுத்தில் கசிவு தெரிந்தால் மெல்லக் காலி செய்துவிட்டுத் தகுதியுள்ள பழுதுநீக்குபவரிடம் கொடுங்கள். அவர் கழற்றி, மரைகள் இரண்டையும் பார்த்து, கழுத்து ஓ-ரிங்கை மாற்றி, சரியான இறுக்கத்தில் போடுவார். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று: ரெகுலேட்டரிலிருந்து டேங்க் வரை குறுக்கே நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவையுங்கள். ஒவ்வொரு முறை நிரப்பும் முன்பும் கோடு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் கழுத்து சுழன்றிருக்கிறது. அந்த டேங்கை நிரப்ப வேண்டாம்.

குமிழி கழுத்தில் இல்லாமல் டேங்கின் உடம்பிலிருந்தே தொடர்ந்து வந்தால் அதோடு அந்த டேங்கின் ஆயுள் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த எண்ணெய் போட வேண்டும்? மார்க்கர் எண்ணெய் கையில் இருக்கிறது.

நிப்பிளுக்குள் ஒரு சொட்டுகூட விடாதீர்கள். அதிக அழுத்தக் காற்று வேகமாக நுழையும்போது குறுகிய இடத்தில் கடும் சூடு பிறக்கும். டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லாமலே எரிபொருள் பற்றுவது இப்படித்தான். பெட்ரோலிய எண்ணெய் அங்கே இருந்தால் உள்ளேயே பற்றிக்கொள்ளக்கூடும்.

பிஸ்டன் ஓ-ரிங்குக்கு ரெகுலேட்டர் தயாரித்தவர் சொல்லும் கிரீஸ், விரல் நுனியில் எடுத்து வளையம் மினுமினுக்கும் அளவுக்கு மட்டும். சீட்டில் கிரீஸ் வேண்டாம். தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

குளிர் காலையில் மட்டும் கசிகிறது, வெயில் ஏறியதும் நின்றுவிடுகிறது.

குளிரில் ஓ-ரிங் விறைத்துச் சுருங்குகிறது. புது வளையம் அந்த அளவைச் சமாளிக்கும், தேய்ந்தது சமாளிக்காது. நின்றுவிட்டதே என்று விட்டுவிடாமல் செட்டை மாற்றுங்கள்.

மெதுவாகத்தான் கசிகிறது. இன்றைய ஆட்டத்தை முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாமா?

ஏ.எஸ்.ஏ. ஓ-ரிங் என்றால் அங்கேயே ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம், தள்ளிப்போட என்ன இருக்கிறது? நிப்பிளில் நொடிக்கொரு குமிழி என்றால் அன்றைக்கு ஆடலாம் என்பது என் கருத்து. மூச்சுத் துளை, தாழ் அழுத்த டிஸ்க் என்றால் ஆட வேண்டாம். உள்ளே அழுத்தம் கட்டுக்குள் இல்லை என்பதற்கான அறிகுறியாக இருக்கலாம். கழுத்து என்றால் டேங்கைத் தொடும் முன்பே எல்லோரையும் விலகி நிற்கச் சொல்லுங்கள்.

ரெகுலேட்டரைச் சரிசெய்துவிட்டேன், ஆனால் ஹைட்ரோ தேதி முடிந்துவிட்டது என்று நிரப்ப மறுக்கிறார்கள்.

அவர்கள் செய்வது சரி. ஹைட்ரோ என்பது டேங்கைத் தண்ணீரால் நிரப்பி, வேலை அழுத்தத்தை விட அதிகமாக ஏற்றி, எவ்வளவு விரிகிறது என்று அளக்கும் சோதனை. அமெரிக்க விதிப்படி அலுமினிய டேங்குகளுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை. கார்பன் ஃபைபர் டேங்குகளுக்கும் இப்போது பெரும்பாலும் 5 ஆண்டுதான், ஆனால் மொத்த ஆயுள் 15 ஆண்டு. மற்ற நாடுகளில் அவரவர் விதி. தேதி டேங்கின் உடம்பிலேயே பொறித்திருக்கும். சோதனைக்கு ரெகுலேட்டரைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்பதால், கழுத்து ஓ-ரிங்கையும் பிஸ்டன் செட்டையும் அதே சமயத்தில் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

பல மாதம் ஆட்டம் இல்லை. டேங்கை எப்படி வைப்பது?

முழுவதும் காலியாகவும் வேண்டாம், முழுவதும் நிரப்பியும் வேண்டாம். சில நூறு பிஎஸ்ஐ விட்டு, நிப்பிளுக்கும் பானட்டுக்கும் மூடி போட்டு, வெயில் படாத இடத்தில் வையுங்கள். உள்ளே கொஞ்சம் அழுத்தம் இருந்தால் அடைப்புகள் தங்கள் இடத்தில் அமர்ந்திருக்கும், ஈரமும் தூசியும் உள்ளே வராது. கேஜ் காட்டும் எண்ணை ஒரு ஒட்டுத்தாளில் எழுதி டேங்கிலேயே ஒட்டிவிடுங்கள். மீண்டும் எடுக்கும் நாளில் முள் அதே இடத்தில் நிற்கிறதா என்று பார்த்தால், முதல் சோதனை அப்போதே முடிந்துவிடும்.